எந்த ஏடு செல்லும்?

2024 நவம்பரில் பத்தொன்பது நாள் இடைவெளியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. 7-ஆம் தேதி வந்தது வரி வழக்கு. அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் பாடம் நடத்தும் கத்தோலிக்கக் குருக்கள், அருட்சகோதரிகளின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்பது கேள்வி. பிடிக்கலாம் என்றது நீதிமன்றம். 26-ஆம் தேதி வந்தது சாதிச் சான்றிதழ் வழக்கு. புதுச்சேரியில் அரசு எழுத்தர் பணிக்குப் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கேட்ட ஒரு பெண் இந்துவா, கிறித்தவரா என்பது கேள்வி. அவர் கிறித்தவர், எனவே அந்தச் சான்றிதழ் கிடையாது என்றது நீதிமன்றம். இரண்டுமே சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாக மேலே போனவை.

ஒன்று வரிச் செய்தியாகவும் மற்றது இடஒதுக்கீட்டுச் செய்தியாகவும் பேசப்பட்டு முடிந்துபோயின. ஊத்தங்கரையில் இருந்துகொண்டு இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது இவை ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குப் பட்டது. ஊத்தங்கரை சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. இங்கே யார் தேர்தலில் நிற்கலாம், யாருடைய பிள்ளைக்கு எந்த விடுதியில் இடம், எந்த அடிதடி வழக்கு எந்தச் சட்டப்பிரிவில் பதிவாகும் என்பதெல்லாம் வட்டாட்சியர் முத்திரையிடும் ஒரு தாளைப் பொறுத்தவை. அந்தத் தாளில் என்ன எழுதப்படும் என்பதைச் சில வீடுகளில் இன்னொரு ஏடு தீர்மானிக்கிறது. அது பங்குத்தந்தையின் அலமாரியில் இருக்கும் திருமுழுக்குப் பதிவேடு.

திருச்சபை செய்யும் ஒரு செயல், நாட்டின் சட்டத்துக்கு முன்னால் ஒரு மனிதரை வேறொருவராக மாற்றுமா? நவம்பர் 7-ஆம் தேதித் தீர்ப்பைப் படித்தால், மாற்றாது. நவம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பைப் படித்தால், மாற்றிவிடும்.

வரி வழக்கை முதலில் பார்க்கலாம். அதில்தான் திருச்சபைச் சட்டமும் நாட்டுச் சட்டமும் நேருக்கு நேர் நின்றன.

கத்தோலிக்கத் துறவற சபையில் சேரும் ஒரு பெண் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் உழைத்துச் சம்பாதிப்பது அவருடையது அல்ல, சபையுடையது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. சொத்தை முழுமையாகத் துறந்தவர் சொத்துச் சேர்க்கும் தகுதியையே இழக்கிறார் என்றும் அதே விதி சொல்கிறது. இந்த நிலையைத்தான் சட்ட மொழியில் ‘குடிமை மரணம்’ என்றார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார், பாடம் நடத்துகிறார், ஆனால் சொத்துரிமை என்ற அளவில் அவர் இல்லை. நமக்கு இது அந்நியமான கருத்தும் இல்லை. சந்நியாசம் வாங்கியவர் பிறந்த குடும்பத்தின் சொத்தில் உரிமை இழக்கிறார் என்பதை இந்துச் சட்டமும் நெடுங்காலமாக ஏற்றுவந்திருக்கிறது.

நடைமுறையும் இதற்கு இசைவாகத்தான் இருந்தது. மிஷனரிகள் தாங்கள் பெறும் கட்டணத்தைச் சபை விதிப்படி சபைக்கே ஒப்படைத்தால் அதற்கு வரி இல்லை என்று 1944 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 1977-இல் இன்னொரு சுற்றறிக்கை. இவற்றின் நிழலில் எழுபது ஆண்டுகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் போயின. 2014-15 வாக்கில் தமிழ்நாட்டில் வரித்துறை, அரசுக் கருவூலம் கொடுக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்தே ஆகவேண்டும் என்று சொன்னதும் சபைகள் நீதிமன்றம் ஏறின. தனி நீதிபதி சபைகளுக்கு இசைவாகத் தீர்ப்புச் சொன்னார். ஒன்றிய அரசு மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச்சில் நீதிபதிகள் வினீத் கோத்தாரி, சி.வி.கார்த்திகேயன் அமர்வு அதை மாற்றியது.

அந்த அமர்வின் தர்க்கம் கடினமானது அல்ல. சம்பளம் ஒரு தனிமனிதரின் பெயரில், அவர் செய்த வேலைக்காக வருகிறது. கைக்கு வந்த பிறகு அவர் அதைத் தாய்க்குக் கொடுக்கிறாரா, கோயிலுக்குக் கொடுக்கிறாரா, சபைத் தலைவியிடம் கொடுக்கிறாரா என்று வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவு கேட்பதில்லை. பழைய சுற்றறிக்கை பேசியது கட்டணத்தைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி அல்ல. திருச்சபைச் சட்டம் உறுப்பினருக்கும் சபைக்கும் இடையிலானது. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மேல் ஏறி நிற்க முடியாது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. வரி கட்டலாமா என்று இயேசுவிடம் கேட்டபோது அவர் சீசரின் உருவம் பொறித்த நாணயத்தைக் காட்டச் சொன்ன நற்செய்திக் காட்சியை அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. கடைசியில் தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு 93 மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது.

இந்தத் தீர்ப்பு சரியானது என்பதே என் எண்ணம். கிராமத்துப் பள்ளிகளில் வாழ்நாளைக் கரைத்த சகோதரிகள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மூன்று தலைமுறைப் பெண்கள் எழுத்தறிந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆனால் அதே பள்ளியில் பக்கத்து வகுப்பில் நிற்கும் ஆசிரியை பொதுப் பணத்திலிருந்து அதே சம்பளத்தை வாங்கி வரி கட்டும்போது, இவருக்கு மட்டும் விலக்கு என்றால் அது இறைப்பற்றுக்குத் தரும் மரியாதை ஆகாது, ஒரு மதத்தின் உள்விதிக்குக் கருவூலம் தரும் சலுகை ஆகிவிடும். தவிர, அந்தச் சகோதரி வாக்களிக்கிறார், பாஸ்போர்ட் வாங்குகிறார், பான் அட்டை வைத்திருக்கிறார். ஒரு கதவில் உயிரோடு இருப்பவர் இன்னொரு கதவில் இறந்தவராக இருக்க முடியாது.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே 668-ஆம் விதி, இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன் உறுப்பினர் எழுதும் உயில் குடிமைச் சட்டப்படியும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. சொத்துத் துறப்பும் இயன்றவரை அப்படியே நடக்க வேண்டும் என்கிறது. அதாவது, திருச்சபையின் துறவறச் சடங்கு மட்டுமே நாட்டின் கண்ணில் ஒருவரைச் சொத்தற்றவர் ஆக்கிவிடாது என்பது அந்த விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது.

திருமண விஷயத்திலும் இதே கோடுதான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, பீடத்தின் முன் நடந்த திருமணத்தை மறைமாவட்டத் தீர்ப்பாயம் ‘தொடக்கத்திலேயே செல்லாதது’ என்று அறிவிக்கலாம். அறிவித்தால் கோயிலில் மறுமணம் செய்துகொள்ளலாம். ஆனால் நாட்டின் சட்டப்படி முதல் திருமணம் அப்படியே நிற்கிறது. அதை முறிக்கும் அதிகாரம் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. திருச்சபைத் தீர்ப்பை நம்பி மறுமணம் செய்தவர்கள் இருதார மணக் குற்றத்தில் மாட்டுகிறார்கள், அந்தத் தீர்ப்புக்குச் சட்டத்தின் ஏற்பு வேண்டும் என்று கர்நாடகத்தின் தட்சிண கன்னடத்திலிருந்து ஒரு பொதுநல வழக்கு போனது. 2017 ஜனவரி 19 அன்று அதுவும் தள்ளுபடியானது. திருச்சபை ஆன்மாவைப் பற்றிச் சொல்லலாம், குடிமை நிலையைப் பற்றிச் சொல்ல முடியாது. இதையும் நான் ஏற்கிறேன்.

இந்த இழுபறி நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்குவை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் ஊரை ஆண்டது டேனிஷ் வணிகக் கம்பெனி. 1708 நவம்பரில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைக் கைதுசெய்து நான்கு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார். ஜெர்மானியர் ஒருவரும் டேனிஷ்காரர் ஒருவரும் அதிகாரத்துக்கு மோதிக்கொண்டார்கள் என்று அதைப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மோதலைப் பற்றவைத்தது ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கு. நாவிதர் ஒருவரின் விதவை அவர். இறந்த கணவருக்கும் கம்பெனியின் கத்தோலிக்க மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையிலிருந்த கடன் விவகாரத்தில் அவருக்காகப் பேசப் போய்த்தான் போதகர் தளபதியின் கோபத்துக்கு ஆளானார். சபையும் கோட்டையும் மோதிய கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைக் கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

அந்த விதவையை மனத்தில் வைத்துக்கொண்டு இனி வருவதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கால்சட்டை போல இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரு கோயில் கட்டப்பட்டது. வேளாளர், முதலியார் சாதிக் கத்தோலிக்கர் ஒரு கிளையில், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் இன்னொரு கிளையில், நடுவில் சுவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அந்தத் தடுப்பை அகற்றினார்கள். பிள்ளைமாரும் முதலியார்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனியிடம் எங்கள் வழிவழி உரிமை, மற்றவர்கள் எங்களோடு கலந்தால் தீட்டு என்பது அவர்கள் வாதம். 1917-இல் அச்சான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தீட்டு என்பது கிறித்தவ சமயத்துக்கு உரியது அல்ல, கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் திருச்சபைக்கே என்றது.

நல்ல தீர்ப்பு. திருச்சபை சாதியை மறுத்தது, நாட்டின் நீதிமன்றம் திருச்சபையின் கையைப் பலப்படுத்தியது, ஒதுக்கப்பட்டவர்கள் பயன் பெற்றார்கள். சாதி கேட்டவர் மேலே இருந்தவர், மறுக்கப்பட்டதும் அவருக்குத்தான்.

33 ஆண்டு கழித்து அதே வாக்கியம் திரும்பி வந்தது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். தலித் கிறித்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். இந்த ஆணைக்குச் சொல்லப்படும் காரணம், கிறித்தவத்தில் சாதி கிடையாது என்பது. வடக்கன்குளத்தில் ஒடுக்கியவரின் வாயை அடைத்த அந்த வாக்கியம் இப்போது ஒடுக்கப்பட்டவரின் கையைக் கட்டியது.

சாதி இருக்கிறதா, இல்லையா என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் அரசு, சமயக் கோட்பாட்டைப் பார்க்கிறதே தவிரத் தெருவைப் பார்க்கவில்லை.

சென்னை எழும்பூரில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஒருவர் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1982-இல் தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாக பங்க் கடை கொடுக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. இவர் கிறித்தவர் என்பதால் இவருக்கு இல்லை. 1985 செப்டம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் சாதி தொடரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் புதிய மதத்திலும் அதே அளவுக்குக் கொடிய சமூகத் தாழ்வு தொடர்கிறது என்பதை நிறுவ வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளியது. ஊசியும் வாரும் தவிர ஏதுமில்லாத ஒருவர் ஒரு சமூகத்தின் நிலையையே ஆய்வு செய்து மேசையில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது அந்தத் தீர்ப்பு. இன்று படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பகுதிக்கு மிக அருகில், மாநில எல்லையைத் தாண்டி நடந்த வழக்கு இன்னும் நுட்பமானது. கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர், அவர்களிலும் மிகப் பலர் ஆதிதிராவிடர். அந்தச் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. 1967-இல் அங்கே எஸ்.ராஜகோபால் வென்றார். அவர் 1949-இலேயே கிறித்தவராக மாறியவர், தனித் தொகுதியில் நிற்கத் தகுதியற்றவர் என்று எதிர்த்து நின்ற சி.எம்.ஆறுமுகம் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த வெற்றி ரத்தானது. 1972-இல் அதே தொகுதியில் மறுபடி ராஜகோபால் வென்றார், மறுபடி வழக்கு. இந்த முறை, 1975 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் இந்து சமயத்துக்குத் திரும்பிவிட்டார், சாதியினர் அவரைத் தங்களில் ஒருவராகத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள், எனவே அவர் ஆதிதிராவிடர் என்றது.

அதே மனிதர், அதே ஊர், அதே வாக்காளர்கள். ஒரு தேர்தலில் அவர் ஆதிதிராவிடர் இல்லை, அடுத்த தேர்தலில் ஆதிதிராவிடர். இடையில் மாறியது, சாதியினர் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்களா என்பதற்கு நீதிமன்றம் கண்ட விடை மட்டுமே. தங்கவயல் குடியிருப்பில் அவரைப் பார்த்த சாதி இந்து எவரும் 1967-க்கும் 1972-க்கும் இடையில் அவரை வேறு கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் இந்த முரண் முற்றி நிற்கிறது. தந்தை வள்ளுவர் சாதியில் பிறந்தவர், தாய் கிறித்தவர். தான் பிறப்பிலிருந்தே இந்து என்று அந்தப் பெண் சொன்னார். நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர்.மகாதேவன் அமர்வு அதை ஏற்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கப்பட்டது, அவர் தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறார், இந்து சமயத்துக்குத் திரும்பியதற்கு எந்தச் சடங்கோ அறிவிப்போ இல்லை என்று காட்டி, நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவது என்றது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த வழக்கில் நீதிமன்றம் திருச்சபைச் சட்டத்தை நிறைவேற்றவில்லை, நாட்டின் ஆணையைத்தான் நிறைவேற்றியது என்பார்கள் வழக்கறிஞர்கள். திருமுழுக்கு ஒருவர் எந்த மதத்தவர் என்பதற்கு ஒரு சான்று, அவ்வளவே. நீதிபதிகளின் கை 1950 ஆணையால் கட்டப்பட்டிருக்கிறது. உண்மைதான். அதனால் என் குறை அந்த அமர்வின் மேல் அல்ல, அந்த ஆணையின் மேல். இறுதி வார்த்தைப்பாடு என்பது வளர்ந்த பெண் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, தெளிந்த மனத்தோடு கொடுப்பது. அது அவருடைய குடிமை நிலையில் எதையும் மாற்றாது. திருமுழுக்கு என்பது பேசத் தெரியாத குழந்தையின் தலையில் வேறொருவர் ஊற்றும் தண்ணீர். அதைத் தொடக்கமாகக் கொண்டு ஒருவர் தன் தந்தையின் சாதி தரும் சட்டப் பாதுகாப்பை இழக்கிறார். முதலாவதில் கருவூலத்துக்கு நட்டம் வரும், இரண்டாவதில் கருவூலத்துக்கு நட்டம் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இழப்பு வேலைவாய்ப்போடு நிற்பதும் இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலில் உள்ளவருக்குத்தான் பாதுகாப்பு. ஒரே காலனியில் அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தால் அண்ணனுக்கு அந்தச் சட்டம் உண்டு, தம்பிக்கு இல்லை. அடித்தவன் இருவரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

திருச்சபையும் இதில் தன் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வரி வழக்கில் ஆயர்களும் சபைத் தலைவர்களும் மூத்த வழக்கறிஞர்களை வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், எங்கள் உள்விதியை நாடு மதிக்க வேண்டும் என்றார்கள். மறைமாவட்டங்களுக்குள் தலித் குருக்கள் எத்தனை பேர் ஆயர் ஆனார்கள், தேர்த்திருவிழாவில் எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு கடைசியில் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்கும்போது, அந்த உள்விதியின் பலம் அதே வேகத்தில் அவர்கள் பக்கம் வந்து நின்றதில்லை. தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் அதில் அடங்கும். கோவிலூர், எலத்தகிரி, சுண்டம்பட்டி, மத்திகிரி என்று பழைய பங்குகள் பல இங்கே உண்டு. வடக்கன்குளத்தில் சுவரை அகற்றிய குருக்களின் துணிவு இந்த ஒவ்வொரு பங்குக்கும் வேண்டியதாக இருக்கிறது.

அரசியல் தளத்தில் அசைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2004-இல் தாக்கலான மனு ஒன்று இருபது ஆண்டு தாண்டியும் உச்ச நீதிமன்றத்தில் முடியவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது, அதற்குக் கொடுத்த இரண்டு ஆண்டும் போதாமல் காலம் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், கிறித்தவரான ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டு தில்லிக்கு அனுப்பியது.

அந்தத் தீர்மானத்தைவிட அழுத்தமான ஒரு சான்றை மாநில அரசு பல ஆண்டுகளாகத் தன் கைப்படவே எழுதிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பட்டியல் சாதிகளிலிருந்து கிறித்தவராக மாறியவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும் இது பொருந்தும் என்ற குறிப்பும் அதோடு உண்டு. தாத்தாவின் தாத்தா திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் பேரனின் மேல் சாதி ஒட்டியிருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் வரி அது. ஊத்தங்கரை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வரும் பிள்ளை, சாதியின் பெயரையும் மதத்தின் பெயரையும் ஒரே தாளில் சேர்த்து வைத்திருக்கிறான். அவன் வாக்களிக்கும் தனித் தொகுதியில் அவனால் வேட்புமனு கொடுக்க முடியாது.